பிணைப்பு உடைந்தால் வெப்பம் வருமா?

"விறகில் உள்ள வேதிப்பிணைப்புகள் உடைவதால்தான் வெப்பம் வருகிறது" என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நேர்மாறானது. பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிவரும்.

ஊட்டியில் ஜனவரி மாதக் காலையில் சீகை விறகு பற்றவைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் விறகு தானாக எரியாது. பழைய பிணைப்புகளை உடைக்கத் தேவையான முதல் சூட்டைத் தீக்குச்சி தர வேண்டும். ஈர விறகு என்றால் இன்னும் பாடு. நுனியில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம் வரும். கொடுத்த சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே போய்விடும்.

அப்புறம் வெப்பம் எங்கிருந்து வருகிறது? விறகின் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேரும்போது, பகிர்ந்துகொண்ட எலக்ட்ரான்களை இரு அணுக்கருக்களும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன. அதனால் ஆற்றல் நிலை தாழ்கிறது. அந்த வித்தியாசம் வெளியேறுகிறது.

கணக்குக்கு வசதியாக ஹைட்ரஜனை மட்டும் பார்ப்போம். இரண்டு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) ஹைட்ரஜனின் பிணைப்புகளை உடைக்க 872 கிலோஜூல், ஒரு மோல் ஆக்சிஜனை உடைக்க 498. செலவு 1370. நீராகும்போது உருவாகும் நான்கு மோல் பிணைப்புகள், மோலுக்குச் சுமார் 463 வீதம், 1852 தருகின்றன. மிச்சம் 482.

விறகிலும் இப்படி மிஞ்சும் ஆற்றல்தான் பக்கத்து மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கிறது. அதனால்தான் ஒருமுறை பிடித்த அடுப்புக்கு இரண்டாவது தீக்குச்சி தேவைப்படுவதில்லை.