வளவில் உட்கார்ந்து என்ன படிக்கலாம்?

கேள்வி: மே மாதம் பதினைந்து நாள் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்தி எல்லாரும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், ஆளுக்கொரு தூணில் சாய்ந்து போனை எடுத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் சேர்ந்து ரசிக்கிற மாதிரி நாவல் இருக்கிறதா?
ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: இருக்கிறது ஆச்சி. 'தில்லானா மோகனாம்பாள்' வாங்கி வையுங்கள். படம்தான் பார்த்தாயிற்றே என்று யாராவது சொல்வார்கள், விடாதீர்கள். 1968-ல் வந்த படம் அந்தக் கதையின் ஒரு பகுதிதான், நாவல் அதைப்போலப் பல மடங்கு பெரியது, நாதஸ்வரக்காரருக்கும் நாட்டியக்காரிக்கும் நடுவில் படத்தில் சட்டென்று முடிந்துபோகிற சண்டையும் சமாதானமும் புத்தகத்தில் ஊர் ஊராக, கச்சேரி கச்சேரியாக நீண்டுகொண்டே போகும். எழுதிய கொத்தமங்கலம் சுப்புவின் பெயரில் இருப்பது நம் செட்டிநாட்டுக் கொத்தமங்கலம்தான். 1950களில் 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் வாரா வாரம் எழுதினார், கோபுலு படம் வரைந்தார். தொடராக வந்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்க வைக்கிற இடத்தில் நிற்கும். சத்தமாகப் படிக்க இதைவிடத் தோதான நாவல் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அப்பத்தா வீட்டில் இதன் பைண்டு வால்யூம் ஒன்று இருந்தது, வாரா வாரம் விகடனிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்தது. ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளில் செம்மண் நிறத்தில் கோடு இறங்கியிருக்கும், நடுநடுவே கூந்தல் தைல விளம்பரம் பாதி வரும், முதல் பக்கத்தில் ஊதா மையில் வீட்டு விலாசம். மத்தியானம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டு அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து படிக்க, நாங்கள் ஏழெட்டுப் பேர் வெறும் தரையில் படுத்துக் கேட்போம். கதையில் பேசியே காரியம் சாதிக்கப் பார்க்கிற சவடால் வைத்தி வருகிற இடம் வந்தால் அவர்கள் குரலே மாறிவிடும். அதனால் சொல்கிறேன் ஆச்சி, ஆளுக்கொரு புத்தகம் கொடுக்காதீர்கள். ஒரே புத்தகம், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும், வைத்தி பேச்சை மட்டும் வீட்டிலேயே வாய்ச் சாமர்த்தியம் உள்ள மருமகனிடம் ஒப்படைத்துவிடுங்கள். தினம் இரண்டு அத்தியாயம் போதும். பதினைந்து நாளில் முடியாது, மிச்சத்தை ஊருக்கு எடுத்துப் போகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு ஐயாவோ, ஐயாவின் அப்பச்சியோ பினாங்குக்கோ இந்தோனேசியாவின் மேடானுக்கோ பர்மாவுக்கோ கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போனவர்களாக இருந்தால், ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் அந்த வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அவர் எழுதியதே இரண்டுதான். சிங்கம்புணரிக்காரர், இளவயதில் இந்தோனேசியாவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தார். வட்டிக்கடை, கடைகள் நடக்கிற கூடமான கிட்டங்கி, கடைச் சிப்பந்திகளான பெட்டியடிப் பையன், அடுத்தாள் என்று நாம் பெரியவர்கள் வாயில் மட்டும் கேட்ட சொற்களெல்லாம் அந்தப் பக்கங்களில் நடமாடும். 1959-ல் வந்த 'கடலுக்கு அப்பால்' சின்னது, நேரான காதல் கதை, நேதாஜியின் படையில் இருந்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பும் செல்லையாவுக்கும் முதலாளி மகள் மரகதத்துக்கும் நடப்பது. முதலில் அதைப் படித்துவிடுங்கள். பிறகு, 1972-ல் வந்த 'புயலிலே ஒரு தோணி'. ஜப்பான் படை மேடானுக்குள் நுழைகிற நாளில் தொடங்கி, பாண்டியன் என்ற ஒருவனின் பின்னால் கடலும் போருமாகப் போகும். நடுவில் அவன் மனத்துக்குள் மதுரைத் தெருக்களும் பழைய பாட்டு வரிகளும் கலந்து ஓடுகிற இடங்கள் உண்டு, அங்கே சிலர் திணறுவார்கள். புரியவில்லை என்றால் தாண்டிப் போகலாம், தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் புயலைக் கடக்கிற அத்தியாயம் எல்லாவற்றுக்கும் ஈடு கட்டிவிடும். படித்து முடித்தவர்கள் இரண்டாங்கட்டு அறையில் பூட்டிக் கிடக்கும் பழைய கணக்குப் பேரேட்டைத் தாங்களாகவே தேடி எடுப்பார்கள், என் சொந்தத்திலேயே இரண்டு பேர் எடுத்தார்கள்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறான். தமிழில் எதைக் கொடுத்தாலும் பாடம் மாதிரி இருக்கிறது என்று தள்ளி வைக்கிறான்.
ஒரு தாய், தேவகோட்டை

பதில்: உங்கள் ஊரிலேயே மருந்து இருக்கிறது அம்மா. தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் நாவல்களில் ஒன்றை, எது கிடைத்தாலும் சரி, அவன் படுக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சின்னச் சின்ன வாக்கியம், வெளிநாட்டு நகரங்கள், சங்கர்லாலுக்குச் சிக்கல் முற்றுகிறபோதெல்லாம் ஒரு கோப்பைத் தேநீர். காலம் பழையது என்பது தெரியும், ஆனாலும் ஓடும். இரண்டு முடித்துவிட்டால் சுஜாதாவுக்குப் போகலாம். 'என் இனிய இயந்திரா'வை அவர் 1980களில் எழுதினார், கதை நடப்பது 2020களில், அதாவது உங்கள் மகன் இப்போது வாழ்கிற காலத்தில். அவர் நினைத்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவனே சரிபார்க்கலாம், அதில் வருகிற ஜீனோ என்ற இயந்திர நாயை ஒருமுறை படித்தவர்கள் மறப்பதில்லை. அடுத்து 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது. 'கரையெல்லாம் செண்பகப்பூ'வும் நல்ல விறுவிறுப்பு, நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க வருகிற ஒருவன் பழைய ஜமீன் வீட்டில் தங்கினால் என்ன நடக்கும் என்பது கதை, நம் பக்கத்துப் பூட்டிய பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆனால் அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, ஒரு வருடம் போகட்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முடித்ததும் "கதையைச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விதான் அவனுக்குப் புத்தகத்தைப் பாடமாக்கியது.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' நான்கு தடவை ஆரம்பித்து நான்கு தடவையும் முதல் பாகத்திலேயே நிறுத்திவிட்டேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
ஒரு வங்கி ஊழியர், காரைக்குடி

பதில்: ஐந்து பாகம், 1950 முதல் 1954 வரை ஜனங்கள் வாரம் வாரம் காத்திருந்து படித்தது, அதை ஒரே லீவில் முடிக்க நினைத்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். 'பார்த்திபன் கனவு' எடுத்துக்கொள்ளுங்கள், அதே கல்கிதான், ஒரு வாரத்தில் முடியும். பிறகு ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவனிடம் திரும்பிப் போங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, மலிவுப் பதிப்பே போதும்.

கேள்வி: வேலை, வீடு, மாமியாருக்குப் பணிவிடை. எனக்கு நாளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.
ஒரு வாசகி, புதுவயல்

பதில்: அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஒல்லியான புத்தகம், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், அக்கா தங்கை இருவர், தெருவெல்லாம் குடமும் வாளியும். பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று பக்கம் படித்தால்கூட ஜமுனா உங்களோடு அடுப்படிவரை வருவாள். சிரிக்க வைக்கிற புத்தகம் இல்லை, ஆனால் மனசுக்குத் தெம்பு தரும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து ஒன்பது வயதுப் பேத்தி வருகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.
ஒரு ஐயா, கோட்டையூர்

பதில்: அப்படியென்றால் நீங்கள் படியுங்கள் ஐயா, அவள் கேட்கட்டும். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' என்ற சிறுவர் நாவல், 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது, கீழடியைச் சுற்றி நடக்கிற கதை. கீழடி நம் சிவகங்கை மாவட்டத்தில்தானே இருக்கிறது? பாதி படித்ததும் ஒருநாள் காலையிலேயே கிளம்பி அவளை அங்கே கூட்டிப் போங்கள். 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தை நம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள், உள்ளே நுழைந்ததும் "நம்ம வீடு மாதிரி இருக்கே ஐயா" என்பாள். திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தால் பானை ஓடும் சுடுமண் பொம்மையும் அவளுக்குக் கண்ணால் பார்த்த சாமான்கள்.

அடுத்து அழ. வள்ளியப்பாவின் 'நீலா மாலா'. அவர் இராயவரத்துக்காரர், வங்கி வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதினார். அரிமழத்தில் பிறந்த வாண்டுமாமாவின் புத்தகம் எது கண்ணில் பட்டாலும் எடுத்து வையுங்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' மட்டும் அவள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியது, தப்பான தொடுதலைப் பற்றிக் குழந்தையோடு பேசத் தெரியாமல் தவிக்கிற நமக்கு அந்த மரப்பாச்சி பேசிக் கொடுக்கிறது.

வரிக்கு வரி விரல் வைத்துப் படியுங்கள். நாலாம் நாள் உங்களுக்கு முன்னால் அவள் விரல் ஓடும்.

கேள்வி: வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய தொடர்கதைகள், பைண்டு செய்தவை. பூச்சி அரிக்கிறது. பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாமா?
ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படிப்பட்ட புத்தகங்களையும் பத்திரிகைகளையும்தான் வாழ்நாளெல்லாம் சேர்த்தார், அவர் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நேர் வெயிலில் காயவைக்க வேண்டாம், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். வளவு ஓரத்தில் நிழலில், காற்று படுகிற மாதிரி விரித்து நிறுத்தி, மெல்லிய பிரஷால் தூசு தட்டுங்கள். பெட்டியைத் துடைத்து நன்றாகக் காயவைத்து, துணியில் முடிந்த வசம்பும் காய்ந்த வேப்பிலையும் மூலைக்கு மூலை போடுங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், தலைப்புக் கிழிந்துபோனது இருந்தால் அது எந்தக் கதை, யார் எழுதியது என்று பார்த்துச் சொல்கிறேன்.