முறுக்கு நமுத்துப்போகும் நாளில் மேட் கோட் வேண்டாம்

கேள்வி: வாரநாட்களில் சேலம் அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறேன். சனி, ஞாயிறு ஏற்காட்டில் சொந்த வீட்டில் இருப்பேன். முதல்முறையாக 1/144 அளவில் ஒரு கண்டம் ரோபோ கிட், அதாவது பாகம் பாகமாக வெட்டிப் பொருத்தும் ஜப்பானியப் பிளாஸ்டிக் பொம்மை, வாங்கிக் கட்டினேன். வெட்டிய இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு. இடது முழங்கையின் முளை ஒடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு வீட்டு வாசலில் வைத்து, பளபளப்பைக் குறைக்கும் கடைசிப் பூச்சான மேட் டாப் கோட் ஸ்பிரே அடித்தேன். காய்ந்ததும் விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டது. கார் பெயின்ட் தின்னரால் துடைத்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம் என்கிறார் என் மச்சான். அல்லது காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: முதல் வேலையாக அந்தத் தின்னரை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது இரும்புத் தகட்டுக்கானது. உங்கள் ரோபோவின் உடம்பு பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்; தின்னரில் இருக்கும் டொலுவீன், அசிட்டோன் வகையறாக்கள் அதைக் கரைத்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரும் பெட்ரோலும் அதே ரகம்தான். ஆரம்ப காலத்தில் நானும் இதே யோசனையைக் கேட்டு, பஞ்சில் தின்னரைத் தொட்டு ஒரு காலைத் துடைத்தேன். பஞ்சு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வெல்லப்பாகு பதம் பார்ப்பதுபோல நூல் நூலாக வந்தது. அந்தக் கால் இன்னும் என் மேசையில் பஞ்சோடு நிற்கிறது.

உங்கள் ரோபோவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த விபூதி பெரும்பாலும் ஏற்காட்டு மூடுபனியின் வேலை. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது, பூச்சின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கையில் சானிடைசர் பட்டதும் ஜில்லென்று இருக்கிறதே, அதேதான். காற்றில் ஈரம் நிறைய இருந்தால், குளிர்ந்த பூச்சின்மேல் அது நீராகக் கோத்து, காய்வதற்குள் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மேட் பூச்சில் வேறு ஏற்கெனவே பளபளப்பை மட்டுப்படுத்தும் நுண்ணிய தூள் இருக்கிறது. ஒரே இடத்தில் கனமாக அடித்தால் ஈரமில்லாத நாளிலும் வெளுக்கும். நீங்கள் இரண்டையும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாசலில், சாயங்காலம், ஒரே மூச்சில்?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் ஊர் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இரண்டு ஊர்க் காற்றும் உங்கள் கைக்கு எட்டுகிறதே, அது வேறு யாருக்கும் கிடைக்காத வசதி. வெட்டுவது, தேய்ப்பது, பொருத்துவது எல்லாம் மலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரேயை மட்டும் கீழே, அஸ்தம்பட்டி மொட்டைமாடியில் அடியுங்கள்.

காற்றின் ஈரத்தை அளக்கச் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கேனைத் தொடாதீர்கள். கருவி இல்லையா, ஒரு முறுக்கை அரைமணி நேரம் வெளியே தட்டில் வைத்துப் பாருங்கள். நமுத்துப்போனால் அன்றைக்கு லீவு. ஐப்பசி, கார்த்திகையில் சேலத்திலேயே பல நாள் அப்படித்தான் போகும்.

அதற்காகச் சித்திரை மாத உச்சிவெயிலில் அடித்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பெயின்ட் துளி பாகத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்து, தடவினால் ரவை மாதிரி சொரசொரப்பாகப் படியும். காலை எட்டு, ஒன்பது மணி, காற்று அடங்கிய நேரம்தான் சரி. கேனை வெயிலிலோ பூட்டிய காருக்குள்ளோ விட்டுவைக்க வேண்டாம்; சூட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

இப்போது விபூதியை எடுப்போம். காய்ந்த காற்றுள்ள ஒரு காலையில், அதே டாப் கோட்டை 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிற்காமல் ஓட்டி, மெல்லிசாக ஒரு வீச்சு மட்டும் அடியுங்கள். புதுக் கரைப்பான் பழைய பூச்சை இளக்கி, சிக்கிய ஈரத்தை வெளியே விடும். பத்து நிமிஷம் பொறுத்து இன்னொரு வீச்சு. அப்படியும் வெளுப்பு போகவில்லை என்றால் மேட்டை விட்டுவிட்டு, பளபளப்பு தரும் கிளாஸ் (gloss) கோட் ஒரு வீச்சு அடியுங்கள். பளபளவென்று நிறம் திரும்பும். அது நன்றாகக் காய்ந்தபின், மறுநாள், மெல்லிசாக மேட். முதலில் முதுகுப்பக்கம் சோதித்துவிட்டு அப்புறம் முகத்துக்கு வாருங்கள். கண்ணும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மற்ற பாகங்களும் இருந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும். அவற்றின் மினுக்கு போனால் ரோபோவுக்குக் கண்புரை வந்ததுபோல் இருக்கும்.

முகமூடி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கொரோனாவுக்குப் போட்ட என்-95 பெயின்ட் தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வாங்குங்கள். பாகங்களைக் குச்சியில் கவ்வி நிறுத்த எல்லோரும் தெர்மோகோல் தேடுவார்கள். அதுவும் பாலிஸ்டைரீன்தான்; ஸ்பிரே பட்ட இடம் குழிந்துபோகும். நான் ஒரு துண்டு வாழைத்தண்டில் மூங்கில் குச்சிகளைக் குத்திவைக்கிறேன். கனமாக இருப்பதால் காற்றுக்குச் சாயாது.

வெள்ளைத் தழும்புக்கு வருவோம். பாகங்களை வெட்டும் குறடான நிப்பர், பிளாஸ்டிக்கை வெட்டுவதைவிட அதிகம் நசுக்கத்தான் செய்கிறது. நசுங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. மாங்காய் பறிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் வழிந்து தோலைச் சுட்டுவிடும் என்று கொஞ்சம் காம்பு விட்டுத்தான் பறிப்பார். பிறகு நிதானமாகக் காம்பை எடுப்பார். இங்கும் அதே முறைதான். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டமான ஃபிரேமிலிருந்து ஒன்றை எடுக்கும்போது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் காம்பு விட்டு வெட்டுங்கள். பாகம் தனியாகக் கைக்கு வந்தபின், நிப்பரின் தட்டையான முகத்தைப் பாகத்தின் பக்கம் வைத்து, அரை மில்லிமீட்டர் விட்டு இரண்டாம் வெட்டு. மிச்சத்தை நிப்பரால் தொடவே கூடாது. புது பிளேடால் சீவுங்கள், அல்லது 400, 800, 1000 என்று உப்புத்தாளில் படிப்படியாகத் தேயுங்கள். கார் பட்டறைக்காரர்கள் வாங்கும் வாட்டர் பேப்பரே போதும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். மச்சானின் அறிவு இங்கே உதவும்.

ஏற்கெனவே விழுந்த தழும்பையும் இதேபோல் தேய்த்தால் பெரும்பகுதி மறையும். மீதி மேட் கோட்டில் அடங்கிவிடும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே கோட் அடித்துவிட்டதால், தேய்த்த இடத்துக்கு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஆகவே விபூதியை எடுக்கும் முன் இந்த வேலையை முடியுங்கள். தேய்த்தபின் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காய வையுங்கள். இட்லி அரிசி களையும் ஓட்டைத்தட்டில் போட்டுக் கழுவுவது நல்லது. ஒரு கட்டைவிரல் சாக்கடையில் போனபிறகுதான் எனக்கு இது தோன்றியது.

ஒடிந்த முளைக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் சூப்பர் குளூ பசையை வைக்கத் தோன்றும். அசையும் மூட்டில் அது நிற்காது, சுற்றிலும் வெள்ளைப் புகைபோலப் படியவும் செய்யும். ஒடிந்த இரண்டு முகத்திலும் நடுவில் மெல்லிய துளை போட்டு, ஜெம் கிளிப் கம்பியில் ஒரு சின்னத் துண்டு வெட்டிச் செருகி, மாடல்களுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு சொட்டு வையுங்கள். அது பிளாஸ்டிக்கையே லேசாக இளக்கி ஒன்றாக்கும். ஒருநாள் தொடாதீர்கள். அவ்வளவு சின்ன டிரில் கையில் இல்லை என்றால், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்கிறவர் யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா பாருங்கள். ஒரு நிமிஷ வேலை அவருக்கு. ரோபோவின் முழங்கை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே செய்துகொடுப்பார்.

அடுத்த கிட்டில் கோடு போட ஆசை வரும். உடம்பின் பள்ளங்களில் எனாமல் மையை ஓடவிட்டால் அழகுதான், ஆனால் இறுக்கமாகப் பொருத்திய மூட்டிலும் ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் பாகத்திலும் அது இறங்கினால் பிளாஸ்டிக் பொட்டென்று வெடிக்கும். எந்த ஃபிரேம் எந்தப் பிளாஸ்டிக் என்று ஃபிரேமின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். ஆரம்பத்தில் கோடு போடும் மார்க்கர் போதும்; வெள்ளைப் பாகத்துக்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் நிறம் போடுங்கள்.

கடைசியாக ஏர்பிரஷ். இப்போது வேண்டாம். இந்த கிட்கள் 1980-ல் ஜப்பானில் வர ஆரம்பித்தபோது கட்டுகிறவர் பசை ஒட்டி, பெயின்ட்டும் அடித்தாக வேண்டும். இன்றைக்குப் பாகங்கள் அந்தந்த நிறத்திலேயே வார்க்கப்பட்டு, பசையில்லாமல் பொருந்துகின்றன. பெயின்ட் உங்கள் ஆசைக்குத்தான். ஏர்பிரஷ் வாங்கினால் கம்ப்ரஸர், குழாயில் சேரும் தண்ணீரைப் பிடிக்கும் வடிகட்டி, கழுவும் திரவம் என்று செலவு நீளும். ஈரக்காற்றை அதுவும் உங்கள் வாசலிலிருந்துதானே இழுக்கும்? அந்தப் பணத்தில் ஒரு பக்கம் மட்டும் கூரான நல்ல நிப்பர் ஒன்றும், இன்னும் இரண்டு எச்ஜி (HG) ரக கிட்டும் வாங்குங்கள். அதே 1/144 அளவுதானே என்று ஆர்ஜி (RG) ரகத்தை வாங்கிவிடாதீர்கள். அதில் பாகங்கள் பொடிப்பொடி, முளைகள் இன்னும் மெல்லிசு.

என் பாட்டி இந்தப் பெட்டியைப் பார்த்து, என்ன பெயர் என்று கேட்டார். கண்டம் என்றேன். "எந்த வயசுல?" என்றார். உங்கள் ரோபோவுக்கு முதல் கண்டம் தாண்டிவிட்டது. சனிக்கிழமை பெட்டியில் வைத்து மேலே கொண்டுபோகும்போது, அடித்து ஒருநாள் முழுசாகக் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் முதுகில் செய்தித்தாளின் எழுத்து பதிந்துவிடும்.