ஒரு நாற்காலி போதுமா?

அன்புள்ள சார்,

'ஆர்கேன்' அனிமேஷன் தொடரின் இரண்டு பருவங்களையும் பார்த்து முடித்தேன். கடைசியில் பணக்கார மேல்நகரமான பில்டோவரின் ஆட்சிமன்றத்தில் கீழ்நகரத்துச் செவிகா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், கீழ்நகரம் ஜெயித்துவிட்டது என்று கண் கலங்கிவிட்டது. என் தம்பியோ, "போராடினவங்களுக்கு ஒரு சீட்டைக் கொடுத்து வாயை அடைச்சுட்டாங்க" என்கிறான். யார் சொல்வது சரி?

கே., மதுரை

அன்புள்ள கே.,

நான் உங்கள் தம்பி கட்சி. முழுக்க அல்ல, முக்கால்வாசி. (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முடிவு வரைக்கும் பேசப்போகிறேன்.)

2021இல் வந்த முதல் பருவத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கீழ்நகரத்துத் தாதா சில்கோ கேட்டது சீட்டு அல்ல, ஸானுக்கு, அதாவது கீழ்நகரத்துக்கு, தனி ஆட்சி. மன்ற உறுப்பினன் ஜேஸ் அதை மன்றத்தில் வைக்கிறான், கைகள் உயர்கின்றன. தீர்மானம் நிறைவேறும் அந்த நேரத்தில்தான் சில்கோ வளர்த்த பெண் ஜின்க்ஸின் ராக்கெட் ஜன்னலை நோக்கி வருகிறது. ஆக, ஒரு கட்டத்தில் தனிநாடே தர ஒப்புக்கொண்ட மன்றம் அது. அப்புறம் எத்தனை சாவு, எத்தனை சண்டை! 2024இல் கதை முடியும்போது கைக்கு வந்தது ஒரு நாற்காலி. பேரம் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று பார்த்தால் உங்கள் தம்பியின் எரிச்சல் புரியும்.

அந்த நாற்காலி ஆளை என்ன செய்யும் என்பதையும் தொடரே காட்டிவிட்டது. கருவிகள் செய்யும் சின்னக் குடும்பத்துப் பையன் ஜேஸ். மன்ற உறுப்பினர் மெல் கைகொடுத்து மன்றத்தில் உட்கார வைக்கிறாள். வந்த வேகத்தில் ஹெக்ஸ்கேட் என்ற மந்திர வாயில் வழியே போகும் சரக்குகளில் கெடுபிடி செய்கிறான். கடத்தலில் பங்குள்ள சக உறுப்பினர்களுக்கு வலிக்கிறது. எதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று மெல் பக்குவமாகச் சொல்லிக் கொடுக்க, பையன் சீக்கிரமே கற்றுக்கொள்கிறான். மந்திரத்தை இயந்திரத்தில் பூட்டிய ஹெக்ஸ்டெக் கண்டுபிடிப்பில் சரிபாதி உழைத்த விக்டருக்கு நாற்காலி என்ற பேச்சே எழவில்லை. கீழ்நகரத்துக்காரர்கள் ஆபத்தானவர்கள் என்று ஜேஸ் அவன் எதிரிலேயே சொல்கிறான். நானும் அங்கிருந்து வந்தவன்தான் என்று விக்டர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அத்தனை வருடம் ஒரே மேஜையில் வேலை பார்த்த சிநேகிதன்!

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் அதிகாரம் என்பது காற்று. பித்தளையும் ஆகாயக் கப்பலும் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். முதல் பருவத்தில் சில்கோவின் கூட்டாளிகள் அவனையே எதிர்த்துப் பேசத் துணிகிறார்கள். அவன் கத்தியை எடுப்பதில்லை. அறைக்குள் சுரங்கத்து நச்சுக்காற்றைத் திறந்துவிடுகிறான். பட்டுச்சட்டை போட்ட தாதாக்கள் மூச்சுக்குத் தவிக்க, தானும் அதையே சுவாசித்தபடி, நாம் எங்கிருந்து வந்தோம் என்று நிதானமாக ஞாபகப்படுத்துகிறான். இரண்டாம் பருவத்தில் அதே காற்றை மேல்நகரத்துக் காவல்படை அதிகாரி கேட்லின் எடுக்கிறாள். கீழ்நகரம் மூச்சுவிடட்டும் என்று அவள் குடும்பம் கட்டிக்கொடுத்த காற்றுக்குழாய்கள் அவை. ஜின்க்ஸின் ராக்கெட்டில் தாயைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் மகள் அதன் வழியாகவே நச்சுப்புகையைத் தெருக்களில் பரவவிடுகிறாள். மேலே இருப்பவர்கள் தர்மமாகக் கொடுத்தது எதுவும் திருகுச்சாவி அவர்கள் கையில் இருக்கும்வரை தர்மம்தான், உரிமை இல்லை. செவிகாவின் நாற்காலியும் அந்தக் கணக்கில்தான் வரும்.

சரி, மீதிக் கால்வாசி? அது செவிகாவுக்காக. கீழ்நகரத்தின் பழைய தலைவன் வாண்டர் காவல்படையோடு செய்துகொண்ட சமாதானம் பொறுக்காமல் சில்கோவிடம் போனவள், அவனைக் காக்கக் குறுக்கே நின்று ஒரு கையை இழந்தவள். ஜேஸைப் போல யாரோ கைபிடித்துக் கூட்டிவந்த ஆள் அல்ல. அவளைக் கண்ஜாடையில் பழக்குவது மெல்லாலும் முடியாது. மன்றத்தில் அவள் முகத்தைப் பாருங்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட வீட்டில் சண்டைக்கு வந்தவள் மாதிரி இருக்கிறாள். உங்கள் கண் கலங்கியதில் தப்பில்லை.

எனக்குக் குறை வேறு இடத்தில். இரண்டாம் பருவத்தில் ஜனங்கள் ஜின்க்ஸைப் போலவே தலைமுடியில் நீலச்சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வந்தார்களே, அந்தக் கூட்டம் என்ன கேட்டது என்று தொடர் உட்கார்ந்து காது கொடுக்கவில்லை. மெல்லின் தாய் அம்பெஸாவின் படை வந்தது, விக்டர் தேவனாக மாறினான், உலகமே அழியப்போகிறது என்றார்கள். உலகம் அழியும்போது வாடகைப் பாக்கியை யார் பேசுவார்கள்? மேல்நகரத்தைக் காப்பாற்றக் கீழ்நகரத்தார் தோளோடு தோள் நின்று செத்தார்கள். தனி ஆட்சி என்ற பேச்சை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.