தடைதாண்டும் ஜாக்கி ஆக வேண்டும் என்கிறான் மகன்

இங்கிலாந்தின் டான்காஸ்டர் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

வணக்கம். குதிரைப் பந்தயத்தில் தடைகளைத் தாண்டி ஓட்டும் ஜாக்கி ஆக உங்கள் மகன் ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். “இவனுக்குப் பயமே கிடையாது, அதுதான் எனக்குப் பயம்” என்கிறீர்கள். பயமில்லாத பையன்கள் அந்தத் தொழிலில் நிறைய. அதை மட்டும் வைத்து யாரும் பெரிய ஜாக்கி ஆனதில்லை.

முதலில், சென்னை கிண்டியில் ஓடிய பந்தயத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது சமதரை ஓட்டம். லிவர்பூல் அருகே ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற தடைப் பந்தயம் ஏறக்குறைய 7 கிலோமீட்டர், 30 தடைகள். ஒவ்வொரு தடைக்கும் சில எட்டு முன்பே ஜாக்கி முடிவெடுத்தாக வேண்டும்: இங்கிருந்தே நீளமாகத் தாவச் சொல்வதா, பேசாமல் உட்கார்ந்து குதிரை இன்னொரு குட்டி எட்டு வைக்க விடுவதா? தாண்டி இறங்கும்போது குதிரை தடுமாறி மூக்கு தரையை நோக்கிப் போனால், கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தவன் அதன் தலைக்கு மேலாகப் பறந்துவிடுவான். தேர்ந்தவன் உடம்பைப் பின்னால் சாய்த்து, வாரை விரலிடுக்கில் வழுக்க விடுவான். தலையை நீட்ட இடம் கிடைத்தால் பல நேரம் குதிரை தானே சமாளித்து எழுந்துவிடும். இந்தக் கைப்பக்குவம் வர வருடக்கணக்காகும்.

அதனால் அவசரம் வேண்டாம். அயர்லாந்து ஜாக்கி ரேச்சல் பிளாக்மோர் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் குதிரை அறிவியலில் பட்டம் பெற்றவர். தொழில்முறை ஜாக்கி ஆனது 2015-இல், 25 வயதுக்கு மேல். 2021-இல் கிராண்ட் நேஷனலை வென்ற முதல் பெண் அவர்தான். ‘டிகிரி முடிக்கட்டும்’ என்ற உங்கள் ஆசைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது!

எடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தடைப் பந்தயத்தில் குதிரை சுமக்கும் எடை, சேணத்தையும் சேர்த்து, சுமார் 64 கிலோவிலிருந்து தொடங்கும். உயரமான பையனுக்கு அது தினசரிப் போராட்டம். தடைப் பந்தய ஜாக்கிகளில் தொடர்ந்து 20 சீசன் சாம்பியனாக இருந்த ஏ.பி. மெக்காய் ஐந்தடி பத்தங்குலம். சுடுநீர்த் தொட்டியில் கிடந்து வியர்த்துதான் எடையைப் பிடித்து வைத்திருந்தார். உங்கள் மகன் அந்த வழியில் போக வேண்டாம். விளையாட்டுத்துறை டயட்டீஷியன் ஒருவரை இப்போதே பாருங்கள்.

வருமானம்? தொடக்கத்தில் புது ஜாக்கிக்கு எடைச் சலுகை உண்டு: அவன் ஓட்டும் குதிரை 7 பவுண்டு, அதாவது சுமார் 3 கிலோ, குறைவாகச் சுமந்தால் போதும். அதற்காகவே பயிற்சியாளர்கள் கூப்பிடுவார்கள். வெற்றிகள் கூடக்கூடச் சலுகை குறைந்து, 75-ஐ எட்டியதும் தீர்ந்துவிடும். அப்புறம் போன் அடிக்காமல் போகிறவர்கள் பலர். தேறியவர் யார் என்று தெரிவது அங்கேதான்.

அவனைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்தக் குளிர்காலம் ஏதாவது பந்தய லாயத்தில் வேலைக்கு அனுப்புங்கள். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, மழையில் குதிரை தேய்த்துவிட்டு, மறுநாளும் தானாகக் கிளம்புகிறானா பாருங்கள். கிளம்பினால், உங்கள் ஊரிலேயே இருக்கும் தேசியக் குதிரைப்பந்தயக் கல்லூரியில் விசாரியுங்கள். பிறகு ‘பாயின்ட் டு பாயின்ட்’ எனும் அமெச்சூர் பந்தயங்களில் ஓட்டிப் பழகட்டும்.

விழுவான், அம்மா. எலும்பு முறிவு இல்லாத ஜாக்கியைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். பந்தயத்தின் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடும். காயம்பட்டவர்களுக்காக 1964-லிருந்து தனி நிதியமே இருக்கிறது. தலையில் அடிபட்டால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஏற விடமாட்டார்கள். லாயத்தில் விழுந்ததை வீட்டில் மறைக்கிற பையனாக இருந்தால் மட்டும், எந்தப் படிவத்திலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.