கேள்வி–பதில்: ஐ.சி.யு.வை விட்டு எங்கே போவது?

கேள்வி: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் 4 வருடம் 5 மாதமாக வேலை பார்க்கிறேன். நைட்டில் எனக்கு மூன்று நோயாளிகள், அதில் இருவர் வென்டிலேட்டரில். முன்பெல்லாம் டூட்டி முடிந்து மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறினால் அழுகை வரும். இப்போது அதுவும் வருவதில்லை; யார் இறந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. நர்சிங்கை விட மனமில்லை. நாளைக்கே பேப்பர் போட்டுவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: பேப்பர் போடலாம் சகோதரி, நாளைக்கு வேண்டாம். முதலில் லீவு எடுங்கள். உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் போகிறது என்றால், இ.எஸ்.ஐ. டாக்டரிடம் தூக்கமின்மை, அழுகை, மரத்துப்போன மனசு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஓய்வு எழுதிக்கொடுத்தால் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. பெரிய பரிசோதனைக்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. பலர் தெரிந்த டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பணம் வரவில்லையே என்று அலைகிறார்கள். சான்று இ.எஸ்.ஐ. வழியாக வர வேண்டும்.

அடுத்தது கிராஜுட்டி, அதாவது வேலையை விடும்போது நிர்வாகம் தர வேண்டிய பணிக்கொடை. 5 வருடம் முடிந்தால்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது ஏறக்குறைய 4 வருடம் 8 மாதம். மாதம் பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 13,000 என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குங்கள்: 7,500. ஐந்து வருடத்துக்கு 37,500 ரூபாய். நிர்வாகம் மல்லுக்கட்டும், அப்போது தொழிலாளர் துறைக்கு எழுத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் ஒன்று: செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 14416க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

இனி எங்கே போவது? உங்களை எரித்தது எது என்று பிரித்துப் பாருங்கள். நைட்டா, ஆள் பற்றாக்குறையா, சாவா, இன்சார்ஜா? நோயாளி வென்டிலேட்டரில் இருந்தால் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. நீங்கள் பார்ப்பது இரண்டு ஆளுக்கும் மேலான வேலை. அதனால் ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்றால், வேறு ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வுக்குப் போனாலும் இதே கதையாகலாம்.

எங்கள் முதல் சிபாரிசு இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், அதாவது ஆஸ்பத்திரியில் தொற்று பரவாமல் கண்காணிப்பவர். பெரும்பாலும் பகல் டூட்டி, என்.ஏ.பி.எச். தரச்சான்று வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு இந்த ஆள் கட்டாயம் வேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்), கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்), வென்டிலேட்டர் என நீங்கள் தினம் தொட்டவற்றையே இங்கே கண்காணிக்க வேண்டும். வென்டிலேட்டர் நோயாளியின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா, லைன் போட்ட தேதி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். மாதக் கடைசியில் கணக்கு: 500 லைன் நாளில் (நோயாளிகளுக்கு லைன் இருந்த நாள்களின் கூட்டுத்தொகை) 4 தொற்று என்றால், 4ஐ 500ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்கி, விகிதம் 8. கை கழுவாத டாக்டரிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் துணிச்சல் வேண்டும். இன்டர்வியூவிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: 'வார்டில் ஆள் குறைந்தால் என்னை இழுப்பீர்களா?' சிறிய ஆஸ்பத்திரிகளில் இந்தப் பதவி பெயரளவில்தான் இருக்கும், மறுபடி நைட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

டயாலிசிஸ் பலருக்கு ஒத்துவருகிறது. ஒரு சிட்டிங் பொதுவாக 4 மணி நேரம், வாரம் மூன்று தடவை, அதே முகங்கள். வரும்போது எடை பார்த்து, எவ்வளவு நீர் இழுக்கலாம் என்று கணக்குப் போட்டு, பி.பி.யை விடாமல் பார்க்க வேண்டும். நோயாளி இரண்டு நாளில் தண்ணீரும் சாம்பாருமாக 4 கிலோ ஏற்றிக்கொண்டு வந்திருந்தால், அவ்வளவையும் ஒரே சிட்டிங்கில் இழுக்கும்போது பி.பி. சரியும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். சேரும் முன் ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸ் முடித்து, ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி) அளவு 10 mIU/mLக்கு மேல் இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துவிடுங்கள். சாவுதான் உங்களை உடைத்தது என்றால் இங்கே யோசித்துப் போங்கள்: வருடக்கணக்கில் பெயர் சொல்லிப் பழகியவர் ஒரு திங்கட்கிழமை வரமாட்டார்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் வலி நிவாரணப் பராமரிப்பு நர்ஸ் வேலையும் அப்படித்தான். புண் கட்டுவது, கத்தீட்டர் மாற்றுவது, வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது. மரணம் உண்டு, அவசரம் கிடையாது. அவசரத்தில் உடைந்தவர்களுக்கு நல்ல இடம்.

கேள்வி: வேலையை விடுகிறேன் என்றதும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தரமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: வாய்ச்சண்டை வேண்டாம். என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து, கிடைத்ததற்கான ஒப்புகையுடன் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். புகார் என்றதும் பல இடங்களில் சர்டிபிகேட் தானாக மேசைக்கு வந்துவிடும்.

எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பிரிவு, படுக்கை எண்ணிக்கை நான்கும் இருக்கட்டும். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் என்ற நர்ஸ் வேலைத் தேர்வுக்கு ஜி.என்.எம். படித்தவர்கள் குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் காட்ட வேண்டும். படுக்கை எண்ணிக்கை இல்லாத கடிதத்தால் அங்கே சிக்கல் வரும். பி.எஃப்.பை எடுத்துவிடாமல், அதே யு.ஏ.என். (பி.எஃப். அடையாள) எண்ணைப் புது இடத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.