ஆண்ட்ரோமீடா ஏன் வெறும் புகையாகத் தெரிகிறது?

கேள்வி: 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டோனியன் டெலஸ்கோப் வைத்திருக்கிறேன். நிலாவும் சனியும் அருமையாகத் தெரிகின்றன. ஆனால் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஆண்ட்ரோமீடா கேலக்சி ஒரு சாம்பல் திட்டுதான். 10 மி.மீ. ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), உருவத்தை மேலும் 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் அதுவும் மறைந்துவிடுகிறது. பெரிய டெலஸ்கோப் வாங்க வேண்டுமா? – திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் கருவியில் கோளாறு இல்லை. கோள்களுக்குப் பழகிய கையோடு கேலக்சியைத் தேடுகிறீர்கள், அதுதான் விஷயம்.

சனி சின்னது, ஆனால் பிரகாசமானது, பெரிதாக்கினால் தாங்கும். ஆண்ட்ரோமீடா நேர்மாறு. படங்களில் காணும் அதன் நீளம், வானத்தில் ஆறு நிலாக்களை வரிசையாக வைத்த அளவு. மங்கல் ஒளி அவ்வளவு இடத்தில் பரவிக் கிடக்கிறது. 25 மி.மீ. ஐபீஸில் உங்களுக்கு 26 மடங்கு கிடைக்கும்; 10 மி.மீ. ஐபீஸில் பார்லோவோடு 130 மடங்கு. உருவம் ஐந்து மடங்கு பெரிதானால், அதே வெளிச்சம் 25 மடங்கு பரப்பில் கரைகிறது. போதாததற்கு, அரை டிகிரிகூட இல்லாத ஜன்னல் வழியே மூன்று டிகிரிப் பொருளைப் பார்க்கிறீர்கள். பார்லோவைக் கழற்றி வையுங்கள்.

நிறத்தையும் எதிர்பார்க்காதீர்கள். மங்கலான ஒளியில் வேலை செய்யும் கண்செல்களுக்கு நிறம் தெரியாது. சிவப்பும் நீலமுமான அந்தப் படங்கள், கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து எடுத்தவை.

அப்புறம் இருட்டு. இதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. காவலூர் வானாய்வகத்தைக் கொண்டுபோய் ஜவ்வாது மலையில் வைத்தது சும்மா இல்லை. அமாவாசையை ஒட்டிய இரவில், ஊர் வெளிச்சத்தை விட்டு 40, 50 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒரு முறை ஃபோனைப் பார்த்தால் பழகியதெல்லாம் போச்சு. மங்கலான பொருளை நேராக முறைக்காமல் சற்றே ஓரமாகப் பாருங்கள், அது மெல்ல எழும்பி வரும். குழாயை விரலால் லேசாகத் தட்டினால் இன்னும் துலங்கும்; அசையும் பொருளைக் கண் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

சரி, எதில் தொடங்குவது? என்னைக் கேட்டால் கேலக்சிகளைக் கடைசிக்குத் தள்ளி, நட்சத்திரக் கொத்துகளில் தொடங்கச் சொல்வேன். நகர வெளிச்சத்தையும் ஓரளவு தாங்குபவை அவைதான். கார்த்திகை இருக்கிறது. பூச நட்சத்திரத்தை ஒட்டிய எம்44 இருக்கிறது. கலிலியோ தன் சின்னத் தொலைநோக்கியிலேயே இதில் நாற்பதுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் கண்டார். ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம்: அதன் நடுவில் நெருங்கி நிற்கும் நான்கு நட்சத்திரங்களை 65 மடங்கில் (பார்லோ இல்லாத 10 மி.மீ. ஐபீஸ்) தனித்தனியாகப் பிரிக்கலாம்.

ஆனால் நம் வானத்தின் உண்மையான விருந்து ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. திருப்பூரில் 30 டிகிரி உயரத்துக்கு ஏறுகிறது. மே மாதத்தில் இரவு 10 மணி வாக்கில் தெற்கே பாருங்கள். ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற நட்சத்திர ஜோடியில் மேற்கே, தெற்குச் சிலுவைப் பக்கம் இருப்பது பீட்டா. அதிலிருந்து எப்சிலான் சென்டாரி என்ற நட்சத்திரத்துக்குக் கோடு இழுத்து, அதே தூரம் மேலே நீட்டினால் வெறும் கண்ணுக்கே ஒரு மங்கலான புள்ளி சிக்கும். 26 மடங்கில் அது மாவு சிந்தியதுபோல ஒரு வட்டம். இங்கேயும் பெரிதாக்குங்கள், 65 மடங்கு வரை தைரியமாகப் போகலாம்: ஓரங்கள் பொடிப்பொடி நட்சத்திரங்களாக உடையும். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளியாண்டு தொலைவில்.

நெபுலா ஃபில்டர் பற்றிக் கடைக்காரர் பேசினால், அது ஓரியன், லகூன் போன்ற ஒளிரும் வாயு மேகங்களுக்குத்தான் உதவும். கேலக்சிக்குப் பெரிதாகப் பயன்படாது. செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு 10x50 பைனாகுலர் வாங்குங்கள். இருட்டான இடத்தில் ஆண்ட்ரோமீடா அதில்தான் முழுசாக அடங்கும்.