வேலியோர மஞ்சள் பூ ஆவாரைதானா?

வேலியோரம் பூத்த மஞ்சள் பூவின் படத்தை அனுப்பி, இது ஆவாரைதானா, அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தில் பூவை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். மஞ்சள் பூவை வைத்து ஆவாரை என்று சொல்லிவிட முடியாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காது மடல் போல அகலமான இலையடிச் செதில் ஒட்டியிருந்தால் ஆவாரை. காய் காகிதம்போல் தட்டையாக, வெளிர்பழுப்பாக இருக்கும். சிற்றிலைகள் 8 முதல் 12 ஜோடி, நுனி மழுங்கியிருக்கும்.

4, 5 ஜோடிதான், நுனி கூர்மை, கசக்கினால் குமட்டும் நாற்றம் என்றால் அது பேயாவாரை. அதன் விதை நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

ஆவாரைதான் என்றால், சாலையோரப் பூவை விட்டுவிட்டு இதழ்களை நிழலில் மொறுமொறுப்பாகும்வரை உலர்த்துங்கள். பச்சைக் காம்போடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு டீஸ்பூன் இதழை 200 மி.லி. நீரில் பாதியாகச் சுண்டவைத்து வடிகட்டிக் குடிப்பது வழக்கம். பூப்பொடியைப் பயத்தமாவோடு கலந்து குளிக்கவும் செய்வார்கள்.

அப்பா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் கொடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அதிகம் இறங்கலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.